கல் யார் வீட்டில் விழுந்தது?

(நெய்வேலியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ராத்திரியில் ஒரு வீட்டின் மேல் கல் விழுகிறது. கூரை உடைகிறது. போலீஸ் வருமா? வந்தால் எப்போது வரும்? எத்தனை பேர் வருவார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லுமுன் இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மனசுக்குள் நாலாவதாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறீர்கள். கல் யார் வீட்டில் விழுந்தது? அந்த நாலாவது கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்காக நாம் கூடவில்லை. அம்பலம் ஏறாமல் அதைத் தடுக்கிற படி எது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தக் காகிதம் என்று பார்ப்போம். நான் வழக்கறிஞன். எனக்குக் காகிதம்தான் தெரியும்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். டவுன்ஷிப்புக்குள் ஒரு குவார்ட்டர்ஸ். யாரோ கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அதே ராத்திரி, மதிற்சுவருக்கு அந்தப் பக்கம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தின் சன்னல் கண்ணாடியும் உடைகிறது. இரண்டும் ஒரே கண்ணாடி. மெயின் பஜாரில் ஒரே கடையில் வாங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சட்டமா? இல்லை. குவார்ட்டர்ஸ் யாருடையது? சுரங்கத்தை நடத்தும் அரசு நிறுவனத்துடையது. 1984-ஆம் ஆண்டின் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் அரசு நிறுவனங்களின் சொத்தையும் பொதுச்சொத்து என்றே சொல்கிறது. தண்டனை ஐந்தாண்டு வரை போகும். சுரங்கத்துக்கோ மின் உற்பத்திக்கோ பயன்படும் சொத்தாக இருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் என்று அந்தச் சட்டமே கீழ்வரம்பும் போட்டிருக்கிறது.

சரி, நிலம் கொடுத்தவரின் கண்ணாடிக்கு? அங்கே கதை மாறுகிறது. 2024 வரை இருந்தது, வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு. ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ சேதம் செய்தால் இரண்டாண்டு வரை தண்டனை. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதைப் புலன்விசாரணை செய்ய முடியாதிருந்தது. சேதம் ஐம்பது ரூபாயானாலும் ஐந்து லட்சமானாலும் அதே கதிதான். அந்த அளவில் அந்தச் சட்டம் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி உதவாத சட்டமாக இருந்தது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. இப்போது 324-ஆம் பிரிவு. சேதம் இருபதாயிரத்துக்குக் கீழே என்றால் ஆறு மாதம் வரை. இருபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டாண்டு வரை. இந்த இரண்டிலும் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாது. ஒரு லட்சமோ அதற்கு மேலோ போனால்? ஐந்தாண்டு வரை தண்டனை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பெரிய இறக்குமதிக் கார் ஒன்றின் முன்கண்ணாடியும் இரண்டு முகப்பு விளக்கும் உடைந்தால் லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு சித்தாளின் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சின்டெக்ஸ் தொட்டி, தையல் மிஷின், தொலைக்காட்சி எல்லாவற்றையும் உடைத்துப்போட்டாலும் லட்சம் வருமா? வராது. அவளுக்கு மிச்சம் எதுவுமே இல்லை. ஆனாலும் சட்டத்தின் கணக்கில் அவளுக்கு நடந்தது சின்னக் குற்றம், கார்க்காரருக்கு நடந்தது பெரிய குற்றம். இருப்பதில் எத்தனை பங்கு போயிற்று என்று சட்டம் கேட்பதில்லை. எத்தனை ரூபாய் போயிற்று என்றுதான் கேட்கிறது.

அப்படியானால் போலீஸ் என்ன செய்யும் பாவம், சட்டமே அப்படித்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் சொத்து சேதம் மற்றும் இழப்பு தடுப்புச் சட்டம். முதலில் அது பொதுச்சொத்துக்கு மட்டும் என்றிருந்தது. 1994-இல் திருத்தி, பெயரில் இருந்த ‘பொது’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். தனியார் சொத்தும் அதற்குள் வந்துவிட்டது. அதில் வரம்பு எவ்வளவு தெரியுமா? நூறு ரூபாய். நூறு ரூபாய்க்குச் சேதம் செய்தால் ஓராண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை போகக்கூடிய சிறை. ஒரு கூரை ஷீட் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதா இன்றைக்கு?

இன்னும் சொல்கிறேன். உடைத்தவன் காம்பவுண்டுக்குள் வந்து உடைத்தானா? அத்துமீறி நுழைந்த குற்றம். அதற்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், தொகை பார்க்க வேண்டியதில்லை. தீ வைத்தானா? அதற்கும் அப்படியே.

ஆகவே, போலீஸ் கையில் சட்டம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று சட்டம் மேஜை மேல் கிடக்கிறது. எதை எடுப்பது என்பது ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கிறது. ஊர்வலத்தில் பஸ் கண்ணாடி உடைந்தால் அந்தக் கை சட்டென்று 1992 சட்டத்தை எடுக்கிறது. சித்தாளின் தொட்டி உடைந்தால் அதே கை, வழக்குப் பதியாமல் மனு வந்ததை மட்டும் குறித்துக்கொள்கிற சி.எஸ்.ஆர். புத்தகத்தை எடுக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாகுபாடு லத்தியில் தொடங்குவதில்லை, பிரிவு எண் போடுகிற பேனாவில் தொடங்குகிறது.

அந்தச் சி.எஸ்.ஆர். எப்படி விழுகிறது என்று பார்ப்போம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை; தமிழ்நாட்டில் எங்கே போனாலும் நடக்கும். காலையில் ஒரு பெண் புகார் எழுதிக்கொண்டு போகிறாள். வாசலில் பாரா நிற்பவர், “ரைட்டர் வரட்டும், உட்காரும்மா” என்கிறார். ரைட்டர் பதினொரு மணிக்கு வருகிறார். மனுவை வாங்கிப் படிக்கிறார். “யார் மேல சந்தேகம்?” “தெரியலைங்க ஐயா.” “தெரியாம யார் மேலம்மா கேஸ் போடுறது? பக்கத்துல விசாரிச்சு, யாருன்னு தெரிஞ்சா வந்து சொல்லு.” அதாவது புலன்விசாரணையை அவளே செய்துகொண்டு வர வேண்டும். “ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வா” என்பது அடுத்தது. சாயங்காலம் போனால் மனுவில் தொகை எழுதச் சொல்கிறார்கள். அவள் பயந்துகொண்டு குறைத்து எழுதுகிறாள். அந்தக் குறைந்த தொகையே அவளுக்கு எதிராக நிற்கிறது. கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு, சி.எஸ்.ஆர். எண். ஒரு குயர் பேப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவள் வாங்கிக் கொடுத்த பேப்பரில் அவள் வழக்கு மட்டும் எழுதப்படுவதில்லை!

சிரிக்கிறீர்கள். பாதிப் பேர் அந்தப் பேப்பரை வாங்கிக் கொடுத்தவர்கள் என்று சிரிப்பிலேயே தெரிகிறது.

இனி 2023 ஜூலைக்கு வருகிறேன். நெய்வேலியில் நின்றுகொண்டு இந்தப் பொருளைப் பேசிவிட்டு வளையமாதேவியைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் மேல்வளையமாதேவி. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய். பெரும்பகுதி வெட்டி முடித்து, ஒரு துண்டு மிச்சம். ஜூலை 26-ஆம் தேதி காலையில் நூற்றுக்கணக்கான போலீசாரின் பாதுகாப்போடு பொக்லைன் எந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. வெறும் தரிசில் இறங்கியிருந்தால் இத்தனை பேச்சு வந்திருக்காது. கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெற்பயிர் அது. பொக்லைனின் கை பச்சைப் பயிரை மண்ணோடு வாரிக் கரையில் கொட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வரப்பில் நின்று கதறியவர்களைப் போலீஸ் தள்ளி நிறுத்தியதையும் பார்த்தோம்.

சுரங்க நிறுவனத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது, பணம் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தோம் என்றார்கள். சட்டப்படி அதில் விஷயம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து, மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு என்றும் சொன்னார்கள். உழவர் தரப்பு என்ன? கொடுத்த பணம் போதாது, சொன்ன வேலை வரவில்லை, நிலம் எங்கள் கையில்தான் இத்தனை காலமும் இருந்தது, இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் அறுத்துக்கொண்டு போய்விடுவோமே என்றார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.தண்டபாணியும் அதையே கேட்டார். இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்றார். வடலூர் வள்ளலாரை நினைவுகூர்ந்து பேசினார். பிறகு, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். மிச்சமுள்ள பயிரைச் செப்டம்பர் 15-க்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை விட வேண்டும், மறுபடி பயிர் வைக்கக் கூடாது என்று உழவருக்கும் உத்தரவிட்டார். இரு பக்கத்துக்கும் சொன்ன தீர்ப்புதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. இழப்பே இல்லையென்றால் இழப்பீடு எதற்கு? இழப்பு நடந்தது என்றால், அது நடந்த நேரத்தில் போலீஸ் எங்கே நின்றது? எந்திரத்தைச் சுற்றி நின்றது. பயிரைச் சுற்றி நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 28. நம் ஊர் நுழைவாயிலான ஆர்ச் கேட். பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகைப் போராட்டம். அதற்குத் தலைமை தாங்கிய அன்புமணி ராமதாஸைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. கூட்டம் கொதித்தது. கல் பறந்தது. போலீஸ் வண்டிகள் உடைந்தன, காவலர்கள் பலருக்குக் காயம். தண்ணீர் பீய்ச்சினார்கள், தடியடி நடத்தினார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பலர் கைதானார்கள், வழக்குகள் பாய்ந்தன.

கல்லெறிந்தது சரியா? தப்பு. சீருடைக்குள் இருந்து அடிவாங்கிய காவலரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் அப்பாவும் எங்கேயோ நாலு மரக்கால் நெல் விதைத்தவராகத்தான் இருப்பார். அந்தக் கல்லுக்கு வழக்குப் போட்டதை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. ஒரே வாரத்தில், ஒரே வட்டாரத்தில், இரண்டு அழிவு நடந்தது. ஒன்று வயலில், ஒன்று கேட்டில். ஒன்றுக்குப் போலீஸ் காவல் நின்றது, இன்னொன்றுக்குத் துப்பாக்கி தூக்கியது. வயலில் அழிந்ததன் பெயர் ‘பணி’, கேட்டில் உடைந்ததன் பெயர் ‘வன்முறை’. பெயர் வைத்தவர் யார்?

இது இன்று நேற்று வந்த வழக்கமா? நம் காவல்துறையின் தாய்ச்சட்டம் 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1855-இல், வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தது பற்றி இதே சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு போலீஸைத் திருத்தி அமைத்தார்கள். திருத்தியவர்கள் கம்பெனி ஆட்சியிலிருந்து வந்தவர்கள் இல்லையா? அடுத்து 1861-இல் வந்த அகில இந்தியக் காவல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பணம் கட்டுகிற தனிநபருக்குக் கூடுதல் போலீஸ் தரலாம் என்று ஒரு பிரிவு. ரயில்வே, கால்வாய், ஆலை இருக்கும் இடத்தில் கூடுதல் போலீஸ் போட்டு அதன் நிர்வாகத்திடம் செலவை வாங்கலாம் என்று அடுத்த பிரிவு. காவலுக்கு விலைப்பட்டியல் அன்றைக்கே போட்டாகிவிட்டது.

இன்றைக்கும் பாருங்கள். 2013-இல் முகேஷ் அம்பானிக்கு மத்திய அரசு ‘இசட்’ பிரிவுப் பாதுகாப்புக் கொடுத்தது. செலவை அவரே கட்டுகிறார் என்றார்கள். தலைநகரில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாதுகாப்பில்லாத நிலையில் இது எதற்கு என்று அப்போது உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கேட்டது. பத்து வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, அவருக்கும் குடும்பத்துக்கும் இந்தியா முழுக்கவும் வெளிநாட்டிலும் மிக உயர்ந்த பாதுகாப்பு, அவர் செலவில், என்று உத்தரவு போட்டது. அவருக்கு அச்சுறுத்தல் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அச்சுறுத்தல் வடக்குத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாவுக்கும் இருக்கிறது. அவள் எந்தக் கணக்கில் பணம் கட்டுவாள்?

இந்தப் பாகுபாடு பழங்கதையிலும் உண்டு. சிலப்பதிகாரம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பாண்டிமாதேவியின் சிலம்பு காணாமல் போயிற்று. பொற்கொல்லன் வந்து ஒரு வார்த்தை சொன்னான். காவலர் எத்தனை நேரத்தில் புறப்பட்டார்கள்? அந்தக் கணமே. சாட்சி விசாரித்தார்களா? இல்லை. கோவலன் வெட்டுண்டு வீழ்ந்தான். இப்போது மாற்றி நினைத்துப் பாருங்கள். சிலம்பு தொலைத்தவள் கண்ணகியாக இருந்து, மதுரைக் காவற்கூடத்துக்குப் போய்ப் புகார் சொல்லியிருந்தால்? “யார் மேலம்மா சந்தேகம்?”

ஏழை புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷன் நடக்கிறது. ஏழையின் மேல் புகார் வந்தால் ஓடுகிறது. 2020-இல் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. காடாம்புலியூரைச் சேர்ந்த ஒரு முந்திரி வியாபாரியைத் திருட்டு வழக்கில் நெய்வேலி போலீஸ் பிடித்தது. விருத்தாசலம் கிளைச் சிறையில் அடைத்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி அவர் இறந்துபோனார். அடித்துக் கொன்றார்கள் என்று மனைவி குற்றம் சாட்டினார், போலீஸ் மறுத்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று. சில நாளில் ஒரு உயிர் போய்விட்டது. அந்த வேகத்தில் பாதியையாவது ஒரு கூரை உடைந்த வழக்கில் நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா?

உடைப்பவரே அரசாங்கமாக இருந்தால்? தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடி வந்தோம் என்று 155 வனத்துறையினர், 108 போலீசார், 6 வருவாய்த்துறையினர் ஒரு பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். அந்த ஊர் மக்கள் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்கள்? மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடித்தான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-இல் வந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தொரு வருஷம்! ஆர்ச் கேட்டிலோ வழக்குகள் உடனே பாய்ந்தன.

ஆனாலும் வாச்சாத்தி மக்கள் ஜெயித்தார்கள். பெண்கள் திரும்பத் திரும்ப நீதிமன்றம் வந்து, ஆளை அடையாளம் காட்டி, சொன்னதையே சொன்னார்கள். காகிதத்தை விடவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

வீட்டுக்குச் சேதம் நடந்தால், சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். கொத்தனாரிடமும் கடையிலும் செலவு மதிப்பீடு வாங்குங்கள், தொகையைக் குறைத்து எழுதாதீர்கள். உள்ளே புகுந்து உடைத்திருந்தால் ‘அத்துமீறி நுழைந்து’ என்று மனுவில் எழுதுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் வழக்குப் பதியக் கோருகிறேன் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ரைட்டர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். எதிராளி யார் என்று தெரியாவிட்டாலும் வழக்குப் பதியலாம். ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எத்தனை எஃப்.ஐ.ஆர். இருக்கிறது! போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பர் 12-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில வகை வழக்கில் பூர்வாங்க விசாரணைக்கு 14 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அது 14 நாள்தான், 14 மாதம் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். பேப்பர் வாங்கிக் கொடுக்க வேண்டாம். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீஸின் கடமை.

தனியாகப் போகாதீர்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்து போங்கள். ஆர்ச் கேட்டுக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக ஸ்டேஷன் வாசலில் அமைதியாக நின்றால் போதும்.

எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொத்து சேதப் புகாரில் எத்தனை சி.எஸ்.ஆர்., எத்தனை எஃப்.ஐ.ஆர்., அவற்றில் எத்தனை நிறுவனங்கள் கொடுத்தவை, எத்தனை தனி வீட்டார் கொடுத்தவை என்று பட்டியல் போட்டு வெளியிடுங்கள். பாகுபாடு இல்லையென்றால் அந்தப் பட்டியலே எனக்குப் பதில் சொல்லிவிடும்.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே கிளம்பப் போவதில்லை. வீட்டில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிற சி.எஸ்.ஆர். சீட்டு யாரிடமாவது இருந்தால் நாளைக் காலை வரை பொறுக்க வேண்டாம், இப்போதே எடுத்துக்கொண்டு வாருங்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து எஸ்.பி.க்கு மனு எழுதுவோம்.